புது டீச்சர் நான்: குரூப்பும் ஆப்பும் ஏகப்பட்டது இருக்கு, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

புதுடீச்சர்_ஆறாப்பு

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கேன், ஆறாம் வகுப்பு, தமிழும் சமூக அறிவியலும் எடுக்குறேன். ட்ரெயினிங்ல லெசன் பிளான் எழுதச் சொல்லிக் குடுத்தாங்க, ஆனா கிளாஸ்ல போய் நின்னா அது வேற மாதிரி இருக்கு. மூணு பிள்ளைங்கள பத்தின யோசனைதான் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கு.

ஒருத்தன் காதுல மெஷின் போட்டிருக்கான். முதல் பெஞ்சுலதான் உக்கார வச்சிருக்கேன், இருந்தாலும் நான் சொல்றதுல பாதி அவனுக்குப் போய்ச் சேரல, தலைய மட்டும் ஆட்டுறான், கேள்வி கேட்டா பக்கத்துல இருக்குறவன் முகத்தப் பாக்குறான். இன்னொரு பொண்ணுக்குப் பார்வை ரொம்ப கம்மி, புக்க மூக்குல ஒட்டுற மாதிரி வச்சுதான் படிக்குது, போர்டுல எழுதுறது சுத்தமா தெரியல. மூணாவது பையன் பேச ஆரம்பிச்சா நீங்க அசந்துடுவீங்க, கதையில யாரு எதுக்கு என்ன பண்ணாங்கன்னு அப்படி விளக்குவான், ஆனா புக்க கையில குடுத்தா எழுத்துக்கூட்டி ரெண்டு வரி முடிக்கிறதுக்குள்ள வேர்த்துப் போயிடுறான். எழுதச் சொன்னா உடனே பாத்ரூம் போகணும்பான்.

உதவி கிடைக்கும்னு வாட்ஸப், டெலிகிராம், பேஸ்புக்னு கண்ணுல பட்ட டீச்சர் குரூப் எல்லாத்துலயும் சேர்ந்தேன். இப்ப போன தொறந்தாலே மெசேஜ் மலை மாதிரி குமிஞ்சு கிடக்கு, பாதிக்கு மேல குட் மார்னிங் படம், மீதி "டீச்சர்கள் வச்சிருக்க வேண்டிய ஆப்"னு லிஸ்ட். எதையும் நம்பி எடுக்க முடியல. இதுக்கு நடுவுல டேப் வாங்கலாமா, என்னென்ன வேணும்னு எழுதிக் குடுங்கன்னு ஹெட்மாஸ்டர் கேட்டிருக்காரு. கூட வேலை பாக்குறவங்க சிலபேர், பையனுக்கு போன் படிச்சுக் காட்டினா அது காப்பி அடிக்கிற மாதிரிதானே, அப்புறம் அவன் எப்ப படிக்கக் கத்துக்குவான்னு கேக்குறாங்க, பதில் சொல்லத் தெரியல.

எந்த குரூப்புல இருக்கணும், என்ன டெக்னாலஜி உண்மையிலயே உதவும், எத முதல்ல பண்ணணும்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

வகுப்பறை_நிலா

டீச்சர், நான் ஸ்பெஷல் எஜுகேட்டரா ரொம்ப வருஷமா இருக்கேன். நீங்க எழுதினதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்துல தடுக்கி நிக்குதுன்னு பாத்து வச்சிருக்கீங்க, வேலைய ஆரம்பிக்க அது போதும். ஆப் லிஸ்ட் எல்லாம் அப்புறம்.

ஜாய் ஜபாலான்னு ஒரு அம்மா, உதவித் தொழில்நுட்பத் துறையில பெரிய பேரு, அவங்க 1990கள்ல ஒரு முறைய கொண்டு வந்தாங்க, செட் (SETT) அப்படின்னு சொல்லுவோம். முதல்ல மாணவர், அப்புறம் அவர் இருக்குற சூழல், அப்புறம் அங்க செய்ய வேண்டிய வேலை, இந்த மூணையும் பேசி முடிச்சதுக்கு அப்புறம்தான் கருவி. நம்ம ஊர் உலகத்துல எல்லா இடத்துலயும் இது தலைகீழா நடக்குது, முதல்ல டேப் வந்துடும், அப்புறம் இத வச்சு யாருக்கு என்ன பண்றதுன்னு தேடுவாங்க. அதனால ஹெட்மாஸ்டர் கிட்ட லிஸ்ட் குடுக்கக் கொஞ்சம் டைம் கேளுங்க. 1993ல ஃபிலிப்ஸ், ஜாவோ ரெண்டு பேரும் உதவிக் கருவி பயன்படுத்துற பெரியவங்க கிட்ட ஒரு ஆய்வு பண்ணாங்க, அதுல 29 சதவீதத்துக்கு மேல கருவிங்கள முழுசா கைவிட்டுட்டாங்கன்னு வந்துச்சு, அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச காரணத்துல முக்கியமானது என்னன்னா, கருவிய தேர்வு பண்ணும்போது அத பயன்படுத்தப் போறவங்க கிட்டயே சரியா கேக்கல. பெரியவங்களுக்கே அப்படின்னா ஆறாப்பு பிள்ளை கிட்ட யாரு கேக்கப் போறா? நீங்க கேளுங்க. தனியா கூப்பிட்டு, "எந்த நேரத்துல ரொம்ப கஷ்டமா இருக்கு, எப்ப ஈசியா இருக்கு"ன்னு ரெண்டே கேள்வி.

இப்ப உங்க மூணாவது பையன். படிக்கிறதுல ரெண்டு வேலை கலந்திருக்கு, எழுத்த ஒலியா மாத்துறது ஒண்ணு, அந்த மொழிய புரிஞ்சுக்கிறது இன்னொண்ணு. 1986ல காஃப், டன்மர் ரெண்டு பேரும் இத ஒரு பெருக்கல் கணக்கு மாதிரி சொன்னாங்க, ஒரு பக்கம் பூஜ்யம்னா விடையும் பூஜ்யம். உங்க பையனுக்கு ரெண்டாவது பக்கம் நல்லா இருக்கு, முதல் பக்கம் அடைபட்டு நிக்குது. டிஸ்லெக்ஸியாவா, அதாவது எழுத்த படிக்கிறதுல வர்ற குறைபாடா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அத சோதிச்சுச் சொல்றதுக்கு ஆள் இருக்காங்க, நாம பேர் வைக்க வேணாம். ஆனா சமூக அறிவியல் பாடத்த அவன் காதால கேட்டுப் படிக்கிறதுல என்ன தப்பு? அந்த பீரியட்ல நீங்க சோதிக்கிறது அவனுக்கு ஆறு, மலை, அரசு பத்தி என்ன தெரியும்னுதான். வாசிப்பையே சோதிக்கிற பீரியட்ல மட்டும் போன ஒதுக்கி வைங்க. கூட வேலை பாக்குறவங்க கேட்டா இத சொல்லுங்க: எத அளக்குறோமோ அதுக்கு உதவி குடுத்தாதான் அளவு கெடும், மத்ததுக்குக் குடுத்தா கெடாது. அதே சமயம் தினமும் எழுத்து ஒலிப் பயிற்சி கொஞ்ச நேரமாவது நடக்கணும், கேட்டுப் படிக்கிறது அதுக்குப் பதிலா வந்துடக் கூடாது, ரெண்டும் கூடவே போகணும்.

கருவின்னு பாத்தா, எட்ஜ் பிரவுசர்ல சத்தமா படிக்கிற வசதி இருக்கு, தமிழ்க் குரலும் இருக்கு. மைக்ரோசாஃப்டோட இமர்சிவ் ரீடர்ல எழுத்து இடைவெளிய கூட்டலாம், ஒரு வரிய மட்டும் காட்டி மத்தத மறைக்கலாம். கூகுள் டாக்ஸ்ல தமிழ்ல பேசினா டைப் ஆகும், அவன் கதைய வாயால சொல்லட்டும், டைப் ஆனத அவனே பாத்து திருத்தட்டும், பேசினத எழுத்தா பாக்குறப்போ அந்தப் பையன் முகத்தப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. டிஸ்லெக்ஸியாவுக்குன்னே தனி ஃபாண்ட் இருக்குன்னு குரூப்புல வந்துக்கிட்டே இருக்கும். அந்த எழுத்து வடிவத்தால வாசிப்பு முன்னேறுதுங்கிறதுக்கு ஆதாரம் ரொம்ப பலவீனம். இடைவெளிக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கு, 2012ல டிஸ்லெக்ஸியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைங்கள வச்சு ஸோர்ஸி குழு பண்ண ஆய்வுல எழுத்துக்கு எழுத்து இடம் விட்டப்போ வேகமும் கூடுச்சு, தப்பும் குறைஞ்சுச்சு. அதனால ஃபாண்ட் தேடுறத விட்டுட்டு, இருக்குற ஃபாண்ட்லயே இடைவெளி விட்டுப் பாருங்க.

---

காதுமெஷின்_அண்ணா

தம்பி மாதிரி இருக்குற அந்தப் பையன பத்தி நான் சொல்றேன், ஏன்னா நானும் சின்ன வயசுல இருந்து ரெண்டு காதுலயும் மெஷின் போட்டவன்தான், இப்ப கணக்கு வாத்தியாரா இருக்கேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், மெஷின் கண்ணாடி மாதிரி கிடையாது. கண்ணாடி போட்டா தெளிவாயிடும், மெஷின் போட்டா சத்தம் பெருசாகும், அவ்ளோதான், உங்க குரலும் பெருசாகும் பெஞ்ச் இழுக்குற சத்தமும் பெருசாகும் ஃபேன் சத்தமும் பெருசாகும். இப்ப வர்ற மெஷினுங்க பேச்ச கொஞ்சம் பிரிச்சுக் காட்டும்தான், ஆனா தூரத்துல இருந்து வர்ற பேச்ச அதால ஒண்ணும் பண்ண முடியாது. திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். ரூமுக்குள்ள சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற சத்தமும் சேர்ந்துக்கும், அது உதவி பண்ணாது, சொல்ல குழப்பும். காது கேக்குறதுல பிரச்சனை உள்ள பிள்ளைக்கு டீச்சர் குரல் சுத்தி இருக்குற இரைச்சல விட 15 டெசிபலாவது தூக்கலா இருக்கணும்னு சொல்லுவாங்க. பேசுற டீச்சர் போர்டு பக்கம் திரும்பினா அது போயே போச்சு.

இதுக்குத்தான் ரிமோட் மைக். முன்னாடி எஃப்எம் சிஸ்டம்னு சொல்லுவாங்க, இப்ப டிஜிட்டல்ல வருது. டீச்சர் கழுத்துல சின்ன மைக், பையன் மெஷினுக்கு நேரா சத்தம் போகும், நீங்க கடைசி பெஞ்ச் பக்கம் நடந்தாலும் அவனுக்கு காதுகிட்ட பேசுற மாதிரி இருக்கும். டேப்புக்குப் பதிலா ஹெட்மாஸ்டர் கிட்ட இத கேளுங்க. ஆனா சும்மா வாங்கிடாதீங்க, அவன் மெஷினோட மாடலுக்கு எது சேரும்னு அவனோட ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேக்குற திறன சோதிக்கிற நிபுணர் சொல்லணும், சேராத மைக் வாங்கினா பெட்டியிலயேதான் கிடக்கும்.

மைக் வந்ததுக்கு அப்புறம் டீச்சருங்க கவனிக்காம விடுறது என்னன்னா, மைக் உங்ககிட்ட இருக்கும்போது அவனுக்கு உங்க குரல் மட்டும்தான் தெளிவா வரும், பின்னாடி பெஞ்ச் பொண்ணு சொல்ற பதில் வராது. கிளாஸே சிரிக்கும், ஏன் சிரிக்கிறாங்கன்னு அவனுக்குத் தெரியாது, அவனும் சேர்ந்து சிரிப்பான். நான் அப்படி சிரிச்சு சிரிச்சே பாதி ஸ்கூல் லைஃப் போச்சு. அதனால ஒண்ணு மைக்க பேசுறவங்க கையில குடுங்க, இல்லனா அவங்க சொன்னத நீங்க ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க. "பின்னாடி இருந்து ஒரு பதில் வந்திருக்கு, மழை ஏன் பெய்யுதுன்னா..." இப்படி. இது எல்லாப் பிள்ளைங்களுக்குமே நல்லது. அப்புறம் கிளாஸ விட்டு வெளிய வந்ததும் மைக்க மியூட் பண்ணிடுங்க, ஸ்டாஃப் ரூம்ல நீங்க பேசுறது அவன் காதுல போகும்.

மைக் வர்ற வரைக்கும்: எழுதிக்கிட்டே பேசாதீங்க, எழுதுங்க, திரும்புங்க, அப்புறம் பேசுங்க. ஜன்னலுக்கு முன்னாடி நிக்காதீங்க, வெளிச்சம் பின்னாடி இருந்தா உதடு இருட்டா தெரியும். பெஞ்ச் காலுக்கு ரப்பர் போட முடிஞ்சா போடுங்க. ஆண்ட்ராய்டு போன்ல லைவ் டிரான்ஸ்கிரைப்னு ஒரு ஆப் இருக்கு, 2019ல கூகுள், காது கேக்காதவங்களுக்கான கல்லாடெட் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து கொண்டு வந்தது, பேசுறத உடனுக்குடனே எழுத்தா காட்டும், தமிழும் வரும். தப்பு வரும், பாடத்துல வர்ற பேரெல்லாம் சொதப்பும், அதனால முக்கியமான சொற்கள பீரியட் ஆரம்பத்துலயே போர்டு ஓரத்துல எழுதி வச்சிடுங்க. சைகை மொழியில வளர்ந்த பிள்ளைன்னா இந்த ஆப் அதுக்கு மாத்து கிடையாது, அத தனியா பாக்கணும்.

முதல் பெஞ்ச் பத்தி ஒண்ணு, நடுவுல நேரா உக்கார வச்சா பின்னாடி யாரு பேசுறான்னு பாக்க அவன் முழுசா திரும்பணும். ரெண்டாவது வரிசையில ஓரமா உக்காந்தா உங்களையும் பாப்பான், கிளாஸையும் பாப்பான். அவனையே கேளுங்க.

---

திரைக்குரல்

பார்வை கம்மியான பொண்ணுக்காக எழுதுறேன். எனக்குப் பார்வை கிடையாது, திரையில இருக்குறத சத்தமா படிச்சுக் காட்டுற ஸ்கிரீன் ரீடர் வச்சுதான் இந்த உரையாடல படிச்சேன், பதிலும் அதுலதான் டைப் பண்றேன், ஸ்கூல்ல வரலாறு எடுக்குறேன்.

முதல்ல பார்வை கம்மியும் பார்வை இல்லாததும் ஒண்ணு கிடையாது. அந்தப் பொண்ணுக்கு மிச்சம் இருக்குற பார்வைய முழுசா பயன்படுத்த வழி பாருங்க. சாய்வா ஒரு ரீடிங் ஸ்டாண்ட் போதும், கழுத்து தப்பிக்கும். போர்ட அவ போன்லயோ டேப்லயோ போட்டோ எடுத்து பெருசாக்கிப் பாக்க விடுங்க, கிளாஸ்ல போன் கூடாதுங்கிற ரூல் இருந்தா அவளுக்கு விலக்கு வாங்கிக் குடுங்க, இது உங்களால முடியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் நல்லா இருக்கணும், வெப்சைட்டுங்களுக்கான அணுகல் விதியில சாதாரண அளவு எழுத்துக்கு குறைஞ்சது 4.5க்கு 1ன்னு வச்சிருக்காங்க, சாம்பல் மேல சாம்பல் எழுதி ஒர்க்‌ஷீட் குடுத்தா யாருக்குமே தெரியாது. சிலருக்கு கருப்புப் பின்னணியில வெள்ளை எழுத்துதான் கண்ணுக்கு இதம், சிலருக்கு அது கூசும். நீங்க முடிவு பண்ணாதீங்க, அவ முடிவு பண்ணட்டும்.

அடுத்தது தமிழ்ல வேலை பாக்குற ஒவ்வொரு டீச்சரும் தெரிஞ்சுக்க வேண்டியது, இத எத்தனை தடவ வேணாலும் சொல்லுவேன். கேள்வித்தாள யூனிகோடுல, அதாவது எல்லாக் கருவிக்கும் புரியுற பொதுவான எழுத்து முறையில டைப் பண்ணுங்க. பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சா திரையில கண்ணுக்கு மட்டும்தான் அது தமிழ். "தமிழ்"ங்கிற சொல்ல பாமினில அடிச்சா உள்ள இருக்குறது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். என் ஸ்கிரீன் ரீடர் அதத்தான் படிக்கும். ஒரு முழுக் கேள்வித்தாள் அப்படி வந்தா என்ன கேக்குறாங்கன்னே தெரியாம உக்காந்திருக்கணும். உங்க மூணாவது பையனோட சத்தமா படிக்கிற ஆப்பும் அதே மாதிரிதான் உளறும்.

அதே மாதிரி ஸ்கேன் பண்ண பிடிஎஃப். அது படம், எழுத்தே கிடையாது. கூகுள் டிரைவ்ல போட்டு டாக்ஸ்ல தொறந்தா எழுத்தா மாத்திக் குடுக்கும், தமிழும் ஓரளவு நல்லா வருது, ஆனா ரெண்டு பத்தியா அச்சடிச்ச பக்கம்னா வரிங்க கலந்துடும், ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு குடுங்க. வரைபடம், படம் எல்லாத்துக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுங்க, "படம் 2"ன்னு எழுதாதீங்க, "ஆறு மலையில பிறந்து கிழக்குப் பக்கமா கடலுக்குப் போகுது, நடுவுல ரெண்டு துணை ஆறு சேருது" இப்படி எழுதுங்க. பாடத்துக்கு அந்தப் படத்துல எது முக்கியமோ அது வந்தா போதும்.

கம்ப்யூட்டர்ல என்விடிஏன்னு ஒரு ஸ்கிரீன் ரீடர், 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்ங்கிற பார்வையில்லாத இளைஞர் எழுத ஆரம்பிச்சது, அவரோட ஜேமி டேயும் சேர்ந்தாரு, இன்னைக்கு வரைக்கும் இலவசம். நீங்க ஒரு தடவ அத போட்டு, மானிட்டர அணைச்சுட்டு உங்க கேள்வித்தாள நீங்களே கேட்டுப் பாருங்க. எந்தக் கேள்வி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுதா, கோடிட்ட இடம் வர்றப்போ "அடிக்கோடு அடிக்கோடு அடிக்கோடு"ன்னு கத்துதா, பட்டியல் புரியுதா. எந்த ட்ரெயினிங்கும் குடுக்காதத அந்தக் கொஞ்ச நேரம் குடுக்கும்.

புக்கு வேணும்னா மராகேஷ் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, 2013ல கையெழுத்தாச்சு, 2016ல நடைமுறைக்கு வந்துச்சு. அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவங்களுக்காக புத்தகத்த வேற வடிவத்துக்கு மாத்துறதுக்குக் காப்புரிமைய தளர்த்தணும், நாடு விட்டு நாடு அனுப்பவும் விடணும்ங்கிறதுதான் அது. டிஸ்லெக்ஸியா உள்ளவங்களும் அதுக்குள்ள வருவாங்க. புக்‌ஷேர் மாதிரி நூலகங்கள்ல பதிஞ்சு பாருங்க.

---

மணி_அடிச்சாச்சு

எல்லாரும் கருவி பத்தி சொல்லிட்டாங்க, நான் குரூப் பத்தி சொல்றேன், ஏன்னா முதல் வருஷ டீச்சர கருவி இல்லாததவிட தனிமைதான் அதிகமா அடிக்குது.

எல்லாத்துலயும் இருக்காதீங்க. ஒரு பெரிய குரூப், ஒரு சின்ன குரூப் போதும். பெரியது எதுக்குன்னா வேடிக்கை பாக்க. 1991ல ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் ரெண்டு பேரும் ஒரு விஷயம் எழுதினாங்க, ஒரு தொழிலுக்குள்ள புதுசா வர்றவங்க ஓரத்துல நின்னு பாத்து சின்னச் சின்ன வேலை செஞ்சுதான் உள்ள வருவாங்க, ஓரத்துல நிக்கிறதும் முறையான கத்துக்கிறதுதான்னு. அதனால ஒண்ணும் பேசாம படிச்சுக்கிட்டே இருக்கேனேன்னு குற்ற உணர்ச்சி வேணாம். சின்னது எதுக்குன்னா, அதே பாடம் அதே வகுப்பு எடுக்குற ஒரு நாலஞ்சு பேர், ராத்திரி "இன்னைக்கு கிளாஸ் நாசமாப் போச்சு"ன்னு சொன்னா அட்வைஸ் பண்ணாம கேக்குறவங்க. அவங்கள எங்க பிடிக்கிறதுன்னா பெரிய குரூப்புல யாரு நல்ல கேள்வி கேக்குறாங்கன்னு பாருங்க, பதில் சொல்றவங்கள விட கேள்வி கேக்குறவங்கள கவனிங்க, அவங்களுக்கு தனியா ஒரு மெசேஜ் போடுங்க.

கேக்குற விதமும் முக்கியம். "காது கேக்காத பிள்ளைக்கு என்ன பண்ணலாம்"னு போட்டா உங்களுக்கு லிஸ்ட்தான் வரும். "மைக் போட்டிருக்கேன், குரூப் ஒர்க் நேரத்துல நாலு பேரு ஒரே நேரத்துல பேசுறாங்க, அப்ப என்ன பண்றீங்க"ன்னு போட்டா அத அனுபவிச்சவங்க வருவாங்க. பதில் கிடைச்சு, பண்ணிப் பாத்ததும் திரும்ப வந்து என்ன ஆச்சுன்னு எழுதுங்க. முக்கால்வாசி பேரு நன்றின்னு ஒரு கைய போட்டுட்டு போயிடுறாங்க, அது வேலை செஞ்சுதா இல்லையான்னு யாருக்கும் தெரியாமலே அதே அட்வைஸ் சுத்திக்கிட்டு இருக்கு.

அப்படி சுத்துற ஒண்ண சொல்றேன். "இவன் கண்ணால கத்துக்குறவன், இவன் காதால கத்துக்குறவன்"னு பிள்ளைங்கள பிரிச்சு அதுக்கேத்த மாதிரி பாடம் நடத்தணும்னு அழகான சார்ட் போட்டு வரும். 2008ல பாஷ்லர் குழு இருக்குற ஆய்வெல்லாம் எடுத்துப் பாத்து, அப்படி பிரிச்சு நடத்தினா நல்லா கத்துக்குறாங்கன்னு சொல்ல போதுமான ஆதாரம் இல்லன்னு எழுதிட்டாங்க. இன்னும் அந்த சார்ட் ஃபார்வர்ட் ஆகிட்டுதான் இருக்கு. உங்க மூணு பிள்ளைங்க விஷயம் வேற, அங்க தடை நிஜம். இந்த சார்ட்ட வச்சு ஒரு பிள்ளைய "காது வகை"ன்னு முத்திரை குத்தினா அவனுக்கு எழுத்துப் பயிற்சி குடுக்குறதையே நிறுத்திடுவாங்க, அதுதான் எனக்குக் கவலை.

இன்னொண்ணு, இத கண்டிப்பா சொல்லணும். பிள்ளையோட போட்டோ, பேரு, நோட்டு, மெடிக்கல் ரிப்போர்ட், எதையும் எந்த குரூப்புலயும் போடாதீங்க. இங்க நீங்க பேரில்லாம எழுதினது ரொம்ப சரி. ஆனா குரூப்புல இருக்குறவங்களுக்கு நீங்க எந்த ஸ்கூல்னு தெரியும், அந்த ஸ்கூல்ல காது மெஷின் போட்ட பையன் ஒருத்தன்தான் இருப்பான், பேர் சொல்லலன்னாலும் சொன்ன மாதிரிதான். ஏஐ சாட்பாட் கிட்ட ஒர்க்‌ஷீட் எழுதி வாங்கும்போதும் அதே கட்டுப்பாடுதான், "ஆறாம் வகுப்பு, எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலை"ன்னு குடுங்க, ரிப்போர்ட்ட அப்படியே ஒட்டாதீங்க. அது குடுக்குற தமிழ ஒரு வரி விடாம படிச்சுப் பாத்துட்டு குடுங்க, தகவலும் தப்பும் தவறுமா வரும்.

---

சாக்பீஸ்_தூசி

எல்லாம் கேக்க நல்லா இருக்கு, மத்த பிள்ளைங்க என்ன ஆகுறது? ஒரு டீச்சர், ஒரு பீரியட், இவனுக்கு மைக், இவளுக்கு பெரிய எழுத்து, அவனுக்கு சத்தமா படிக்கிற போன், இதெல்லாம் செட் பண்றதுக்குள்ள மணி அடிச்சிடும். டீச்சர்ஸ் மேல பாரத்த ஏத்திக்கிட்டே போறாங்க, ஆள் மட்டும் குடுக்க மாட்டேங்கிறாங்க. அப்புறம் கையால எழுதுறது மறந்தே போகும்னு எனக்கு நிஜமாவே பயம் இருக்கு.

---

வகுப்பறை_நிலா

@சாக்பீஸ்_தூசி ஐயா, ஆள் வேணும்ங்கிறத நான் முழுசா ஒத்துக்கறேன், அத டெக்னாலஜி வந்து ஈடு கட்டாது, ஈடு கட்டும்னு சொல்லி ஸ்பெஷல் எஜுகேட்டர் போஸ்ட்ட காலியா வச்சிருந்தா அதுக்கு நாம சண்டை போடணும்.

ஆனா மூணு பிள்ளைக்கு மூணு பாடம் தயாரிக்கச் சொல்லல. காஸ்ட் (CAST)ன்னு ஒரு அமைப்பு, 1984ல ஆரம்பிச்சது, முதல்ல தனித்தனிப் பிள்ளைங்களுக்குக் கருவி தேடிக்கிட்டு இருந்தாங்க, போகப் போக பிரச்சனை பிள்ளைகிட்ட இல்ல, பாடத்திட்டத்துக்கிட்ட இருக்குன்னு மாத்தி யோசிச்சாங்க, அதுல வந்ததுதான் எல்லாருக்குமான கற்றல் வடிவமைப்பு. ஒரு யூனிகோடு ஃபைல் தயாரிச்சா அத பெருசாக்கலாம், சத்தமா கேக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், ஒரே வேலை. பதில திருப்பிச் சொன்னா மொத்த கிளாஸுக்கும் கேக்கும். கையெழுத்து வேணும்தான், அதுக்கு ஒரு நேரம் ஒதுக்குங்க. வரலாறு தெரிஞ்ச பையன் கையெழுத்தால ஃபெயில் ஆக வேணாம், அவ்ளோதான் கேக்குறேன்.

---

சாக்பீஸ்_தூசி

எழுத்துப் பயிற்சிக்குத் தனியா நேரம் ஒதுக்குறதா இருந்தா சரி. போஸ்ட் விஷயத்துல உங்க கூட நிக்கிறேன்.

---

யாழினி_அம்மா

இடையில வர்றேன் மன்னிச்சுக்கோங்க, என் கிளாஸ்ல பேசவே பேசாத ஒரு குழந்தை இருக்கு, ஆட்டிசம். பட அட்டை ஆப் போட்டா பேச்சு வராமலே போயிடும்னு அவங்க வீட்ல பயப்படுறாங்க. உண்மையா?

---

வகுப்பறை_நிலா

இல்லங்கம்மா. 2006ல மில்லர், லைட், ஷ்லாஸர் மூணு பேரும் இருக்குற ஆய்வுங்கள தொகுத்துப் பாத்தாங்க, படம், கருவி மூலமா பேசக் குடுத்ததால யாருக்கும் பேச்சு குறையல, நிறைய பேருக்குக் கொஞ்சம் கூடத்தான் செஞ்சுது. வீட்ல தைரியமா சொல்லுங்க. பிரிண்ட் போட்ட ஒரு பலகையே போதும் ஆரம்பிக்க, நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துல வெறும் 36 சொல் வச்ச ஒரு பலகை இலவசமா குடுக்குறாங்க, போ, வேணும், இன்னும், வேணாம், நிறுத்து மாதிரி எங்கயும் பொருந்துற சொற்கள். அதே எண்ணத்துல தமிழ்ல நீங்களே பண்ணலாம். ஆப்பிள், பந்துன்னு பொருள் பேரா வச்சு நிரப்பிடாதீங்க, அத வச்சு ஒரு குழந்தையால மறுக்க முடியாது. "வேணாம்" கட்டாயம் இருக்கணும். குழந்தைய தொடச் சொல்லி வற்புறுத்தாம, நீங்க பேசும்போது நீங்களே அந்தப் படத்த தொட்டுத் தொட்டு பேசுங்க. பேசுற குழந்தைக்கும் நாம ஒரு வருஷத்துக்கு மேல பேசிக் காட்டிட்டுதானே பதில எதிர்பாக்குறோம்?

---

புதுடீச்சர்_ஆறாப்பு

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதிக்கிட்டேன். திரும்ப வந்து சொல்லணும்னு சொன்னீங்கல்ல, அதான் வந்தேன்.

மூணு பேரையும் தனித்தனியா கேட்டேன். காது மெஷின் பையன், முதல் பெஞ்ச் பிடிக்கவே இல்ல மிஸ்னு சொன்னான், பின்னாடி யாரு பேசுறான்னு தெரியலயாம், அண்ணா சொன்ன அதே விஷயம். ரெண்டாவது வரிசை ஓரத்துக்கு மாத்தினேன். மைக் பத்தி கேட்டா எல்லாரும் பாப்பாங்களேன்னு தயங்குறான். அந்தப் பொண்ணு போர்ட போட்டோ எடுக்க ஹெட்மாஸ்டர் சம்மதிச்சிட்டாரு, வெள்ளை மேல கருப்புதான் வேணும்னு அவளே சொல்லிட்டா. மூணாவது பையன் ஒரு பாடத்த ஹெட்போன்ல கேட்டுட்டு வந்து நான் கேக்காமலே கை தூக்கி பதில் சொன்னான். இருக்குற குரூப்புல ரெண்டு தவிர எல்லாத்தையும் விட்டு வெளிய வந்துட்டேன். டேப் லிஸ்ட் இன்னும் குடுக்கல.

ரெண்டு சந்தேகம். மைக்குக்கு அவன எப்படி சம்மதிக்க வைக்கிறது? ஸ்கூல்ல பழைய கேள்வித்தாள் எல்லாமே பாமினிலதான் இருக்கு, மொத்தத்தையும் திரும்ப அடிக்கணுமா?

---

காதுமெஷின்_அண்ணா

சம்மதிக்க வைக்காதீங்க டீச்சர், பழக விடுங்க. மைக்க கிளாஸ்ல எல்லாரும் பேசும்போது கையில பிடிக்கிற பேச்சு மைக்கா ஆக்கிடுங்க, மைக் யாரு கையில இருக்கோ அவங்கதான் பேசணும்னு ஒரு விதி. அப்ப அது அவனோட சாமானா தெரியாது, கிளாஸோட சாமானா ஆயிடும். எப்ப ஆன் பண்ணணும், எப்ப வேணாம்னு அவன் கையில விடுங்க, வேணாம்னு சொல்ற நாள் வரும், அன்னைக்கு விட்டுடுங்க. முடிஞ்சா அவன மாதிரியே மெஷின் போட்ட பெரிய பிள்ளை யாரையாவது பேச வைங்க, வீட்ல சம்மதம் வாங்கிட்டு. எனக்கு அந்த வயசுல அப்படி ஒரு ஆள் கிடைக்கல.

---

திரைக்குரல்

பாமினிக்கு திரும்ப அடிக்க வேணாம். யூனிகோடுக்கு மாத்துற இலவச கன்வர்ட்டர் நெட்ல நிறைய இருக்கு, எழுத்த காப்பி பண்ணி ஒட்டினா மாத்திக் குடுக்கும். ரெண்டு இடத்துல கவனம் வேணும். நடுவுல இங்கிலீஷ் சொல்லோ கணக்குக் குறியோ இருந்தா கன்வர்ட்டர் அதையும் பாமினின்னு நினைச்சு தமிழாக்கித் தள்ளிடும், அதனால அந்த வரிகள தனியா எடுத்து வச்சிட்டு கடைசியா சேருங்க. ஒகர, ஓகாரக் கொம்பும் காலும் சில நேரம் பிரிஞ்சு நிக்கும், கண்ணுக்குச் சரியா தெரியும், ஆனா குரல் தடுமாறும், மாத்தினதும் போன்ல ஒரு தடவ சத்தமா படிக்க விட்டு கேட்டுடுங்க. எல்லாத்தையும் மாத்த உக்காராதீங்க, அடுத்த பரிட்சைக்கு எது வேணுமோ அத மாத்துங்க, மாத்தினத உங்க அந்த சின்ன குரூப்புல போட்டு வைங்க, அடுத்தவங்க திரும்ப அதே வேலைய செய்ய வேணாம். முதல் ஃபைல் மாத்தி முடிச்சதும் இங்க சொல்லுங்க, என் ஸ்கிரீன் ரீடர்ல போட்டு கேட்டுப் பாத்து சொல்றேன்.